எனக்குப் பிடிச்ச ராப்பர்களும் நான் சொல்லாம விட்ட விஷயங்களும்

செமஸ்டர் பரீட்சைக்கு இன்னும் 16 நாள்தான் இருக்கு. காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகம் மேஜை மேல திறந்தபடியே கிடக்கு. ஆனா இதை எழுதி இறக்கி வைக்காம படிக்க உட்கார முடியாதுன்னு தோணுது. கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ கையில எடுத்துக்கோங்க.

கிளாஸ்ல என் கூடப் படிக்கிறவங்களுக்கு நான் ஒரு ஹிப் ஹாப் பைத்தியம்னு தெரியும். பஸ்ல ஒன்றரை மணி நேரம் காலேஜுக்குப் போகணும், ஒன்றரை மணி நேரம் திரும்பி வரணும். மூணு வருஷமா அந்த நேரம் முழுக்க என் காதுல டூபாக்கும், எமினெமும், ஜே-ஸீயும்தான். இங்கிலீஷ் பேசுற தைரியம் எனக்கு வந்ததே அவங்களாலதான்னு சொல்லலாம். புதுசா படிக்கிறவங்களுக்கு: நான் பி.காம் மூணாம் வருஷம், நல்ல பையன் :-)

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாசல்ல வண்டி கழுவிட்டு இருந்தேன். பக்கத்துல ஸ்பீக்கர்ல எமினெம் பாடிட்டு இருந்தார். தங்கச்சி படிக்கட்டுல உட்கார்ந்து வேடிக்கை பார்த்துட்டு இருந்தா. ப்ளஸ் ஒன் படிக்கிறா. திடீர்னு கேட்டா: "அண்ணா, இந்தப் பாட்டுல அவன் என்னதான் சொல்றான்? தமிழ்ல சொல்லேன்."

எனக்கு ஒரே குஷி. ஆரம்பிச்சேன். முதல் நாலு வரி நல்லாத்தான் போச்சு. அஞ்சாவது வரியில வாய் அடைச்சுப் போச்சு. அந்த வரியை நான் நூறு தடவைக்கு மேல கூடவே பாடியிருக்கேன். ஆனா ஒரு தடவை கூட தமிழ்ல நினைச்சுப் பார்த்ததில்லை. தமிழ்ல நினைச்சா, அது ஒரு பொண்ணை என்ன பண்ணப் போறேன்னு ஒருத்தன் மிரட்டுற வரி. தெருவுல எவனாவது என் தங்கச்சியைப் பார்த்து அப்படிச் சொன்னா அவன் சட்டையைப் பிடிச்சிருப்பேன்.

"சும்மா கெத்து காட்டுறான், வேற ஒண்ணுமில்ல" அப்படின்னு சமாளிச்சேன்.

அவ சிரிக்கல. "நான் நேத்தே நெட்ல அர்த்தம் பார்த்துட்டேன். நீ என்ன சொல்றேன்னு பார்க்கத்தான் கேட்டேன்"னு சொல்லிட்டு உள்ளே போயிட்டா.

அதுதான் இந்தப் பதிவுக்குக் காரணம். எனக்குப் பிடிச்ச ஆட்கள்கிட்ட என்ன தப்பு இருக்குன்னு முதல் தடவையா உட்கார்ந்து எழுதிப் பார்க்கப் போறேன்.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். "ராப்னாலே கெட்ட வார்த்தை, அது பாட்டே இல்லை"ன்னு சொல்ற கோஷ்டி நான் இல்லை. 1973 ஆகஸ்ட் 11 அன்னிக்கு நியூயார்க் பிராங்ஸ்ல ஒரு அடுக்குமாடி வீட்டோட பொது அறையில கூல் ஹெர்க் நடத்தின விருந்துலதான் ஹிப் ஹாப் பிறந்ததா சொல்வாங்க. கையில காசில்லாத கறுப்பின, லத்தீன் பசங்க பழைய ரெக்கார்டுகளை வச்சே உண்டாக்கின கலை அது. அதைக் குறை சொல்ற தகுதி எனக்கு இல்லை. நான் சொல்ல வர்றது அந்தக் கலையைப் பத்தி இல்லை, அதுல பெரிய பேர் வாங்கின சில பேரைப் பத்தி.

இன்னொண்ணு. பாட்டுல சொல்றது வேற, நிஜத்துல செய்யறது வேற. பாட்டுல ஒருத்தன் கொலைகாரனா நடிச்சா அவன் கொலைகாரன் ஆயிட மாட்டான். அதனால பாட்டு ஒரு கணக்கு, வாழ்க்கை ஒரு கணக்குன்னு தனித்தனியா எழுதறேன்.

டாக்டர் ட்ரே

இவர்ல இருந்து ஆரம்பிக்கறதுக்குக் காரணம் இருக்கு. போன வருஷம் மார்க்கெட்டிங் பேப்பருக்கு நான் எடுத்த செமினார் இவரைப் பத்திதான். 1992ல 'தி க்ரானிக்' ஆல்பம், அப்புறம் பீட்ஸ் ஹெட்போன், 2014ல ஆப்பிள் அந்தக் கம்பெனியை 300 கோடி டாலருக்கு வாங்கினது, எல்லாத்தையும் பதினெட்டு ஸ்லைடுல போட்டேன். கடைசியில கை தட்டினாங்க. மார்க்கும் நல்லா வந்தது.

அந்தப் பதினெட்டு ஸ்லைடுல இல்லாத ஒரு பேர் டீ பார்ன்ஸ். டிவியில ஹிப் ஹாப் நிகழ்ச்சி நடத்தினவங்க. ட்ரே இருந்த என்.டபிள்யூ.ஏ குழுவுக்கும், அதை விட்டுப் போன ஐஸ் க்யூபுக்கும் அப்போ சண்டை. ரெண்டு பக்கத்துப் பேச்சையும் சேர்த்து அந்த நிகழ்ச்சியில போட்டுட்டாங்க. அந்தக் கோபத்துல 1991 ஜனவரியில, லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஒரு விருந்துல, எல்லார் முன்னாடியும் ட்ரே அவங்களை அடிச்சார். கோர்ட்ல குற்றச்சாட்டை மறுத்து வாதாடல. அபராதம், சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்புன்னு தண்டனை கொடுத்தாங்க. ஜெயில் இல்லை.

இதை விட எனக்கு உறுத்தினது அதுக்கப்புறம் நடந்தது. 1999ல எமினெமும் ட்ரேவும் சேர்ந்து பாடின 'கில்டி கான்ஷியன்ஸ்' பாட்டுல இந்தச் சம்பவம் ஒரு காமெடியா வருது. அந்த இடத்துல நானும் சிரிச்சிருக்கேன். அடி வாங்கினது ஒரு நிஜப் பொண்ணுன்னு கூடத் தெரியாம சிரிச்சிருக்கேன். 2015ல என்.டபிள்யூ.ஏ கதையைப் படமா எடுத்தாங்க. தயாரிப்பாளர்கள்ல ட்ரேவும் ஒருத்தர். படத்துல டீ பார்ன்ஸ் விஷயமே கிடையாது. அதைப் பத்தி அவங்க வெளிப்படையா எழுதி, பெரிய பேச்சான பிறகுதான், தான் காயப்படுத்தின பெண்கள்கிட்ட மன்னிப்பு கேக்கறதா ட்ரே ஒரு அறிக்கை விட்டார். 24 வருஷம் கழிச்சு.

2023ல கிராமி மேடையில ட்ரே பேர்லயே ஒரு விருது ஆரம்பிச்சு, முதல் விருதை அவருக்கே கொடுத்தாங்க. இசைக்கு அது நியாயமான மரியாதைதான். ஆனா படத்துல விட்டுட்டாங்கன்னு அவங்களைக் குறை சொல்ற நான், என் செமினார்ல பண்ணினதும் அதையேதான்.

டூபாக்

இதை எழுதறதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டம். என் போன் வால்பேப்பரே அவர்தான். அதாவது, போன மாசம் வரைக்கும்.

அவரோட அம்மா அஃபெனி ஷகூர் ப்ளாக் பேந்தர் இயக்கத்துல இருந்தவங்க. வயித்துல பிள்ளையோட கோர்ட்ல தனக்குத் தானே வாதாடி, 1971 மே மாசம் விடுதலை ஆனாங்க. அடுத்த மாசம் டூபாக் பிறந்தார். அந்த அம்மாவுக்காக 'டியர் மாமா', கைவிடப்பட்ட ஒரு சின்னப் பொண்ணுக்காக 'ப்ரெண்டாஸ் காட் எ பேபி', தனியா நிக்கற பெண்களுக்குத் தைரியம் சொல்ல 'கீப் யா ஹெட் அப்'. பெண்களைப் பத்தி அவ்வளவு ஈரத்தோட எழுதின ராப்பர் அந்தக் காலத்துல ரொம்பக் கம்மி.

அதே டூபாக் 1994 டிசம்பர்ல ஒரு பெண்ணைப் பாலியல் ரீதியா துன்புறுத்தின குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டார். சில குற்றச்சாட்டுகள்ல இருந்து ஜூரி அவரை விடுவிச்சது, சிலதுல குற்றவாளின்னு சொன்னது. நான் குற்றம் பண்ணலைன்னு அவர் கடைசி வரைக்கும் சொன்னார். 1995ல 'மீ அகெய்ன்ஸ்ட் தி வேர்ல்ட்' ஆல்பம் அமெரிக்காவுல முதல் இடத்துக்கு வந்தப்போ அவர் ஜெயில்ல இருந்தார். 'டியர் மாமா' அந்த ஆல்பத்துலதான் இருக்கு.

வெளியே வந்தது 1995 அக்டோபர்ல, டெத் ரோ கம்பெனி ஜாமீன் ஏற்பாடு பண்ணி. அதுக்கப்புறம் வந்த டூபாக் வேற ஆள் மாதிரி. பகை, மிரட்டல், எதிராளி மனைவியை இழுத்துப் பேசறது. ஒரு வருஷத்துக்குள்ள, 1996 செப்டம்பர் 13, செத்துப் போயிட்டார். வயசு 25. எனக்கும் அந்த வயசுக்கும் நாலு வருஷம்தான் இடைவெளி. அவர் உயிரோட இருந்திருந்தா மாறியிருப்பாரோ என்னவோ. ஆனா அந்த நம்பிக்கையைச் சொல்லி அந்தத் தீர்ப்பை மறைக்கறது சரியில்லைன்னு இப்போ நினைக்கிறேன்.

எமினெம்

நம்ம ஊர் பசங்க ராப்னு முதல்ல கேக்கறது இவரைத்தான். 2000ல வந்த 'தி மார்ஷல் மேதர்ஸ் எல்பி' அமெரிக்காவுல முதல் வாரமே 17 லட்சத்துக்கு மேல வித்தது. அதுல மனைவி பேர்லயே ஒரு பாட்டு. அவங்களைக் கொல்ற மாதிரி ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் போகும். நடிப்புதான். ஆனா பேர் நிஜப் பேர், கல்யாணம் நிஜக் கல்யாணம். நான் போட்ட "பாட்டு வேற, வாழ்க்கை வேற" கோடு இங்கதான் அழியுது.

பெத்த அம்மாவையும் விடல. பாட்டுல திட்டினதுக்கு அம்மா 1999ல கேஸ் போட்டாங்க. கேட்டது சுமார் 1 கோடி டாலர். சமரசமானது 25,000 டாலருக்கு. வக்கீல் ஃபீஸ் போக அம்மா கையில நின்னது 1,600 டாலர் சொச்சம். கேஸ் போடறதுக்கு முன்னாடி காஸ்ட்-பெனிஃபிட் பார்க்கணும்னு எங்க சார் சொல்றது ஞாபகம் வருது. 2013ல 'ஹெட்லைட்ஸ்'னு ஒரு பாட்டுல அம்மாகிட்ட மன்னிப்பு கேட்டார். அம்மா 2024 டிசம்பர்ல இறந்தாங்க. அந்த மன்னிப்பை அவர் முன்னாடியே பாடினது எவ்வளவு நல்லதுன்னு நினைச்சுக்கிட்டேன்.

பாட்டுக் கணக்குல ஒரு குறை. வேகமா பாடறதையே திறமைன்னு ஆக்கிட்டார். 'ராப் காட்' 6 நிமிஷம் 4 செகண்ட். அதுல 1,560 வார்த்தை, கின்னஸ் சாதனை. வாயைப் பிளந்து கேட்கலாம். ஆனா 'ஸ்டான்' பாட்டு மெதுவாத்தான் போகும், முடிஞ்ச பிறகும் மனசுல நிக்கும். 2017ல வந்த 'ரிவைவல்' ஆல்பத்தை விமர்சகர்கள் கிழிச்சதும், அடுத்த வருஷமே 'கமிகாஸி'ன்னு ஒரு ஆல்பம் போட்டு அவங்களைத் திட்டினார். அதுல டைலர்ங்கிற இன்னொரு ராப்பரை ஓரினச் சேர்க்கையாளர்களை இழிவுபடுத்துற வார்த்தையால திட்டிட்டு, அது அதிகம்தான்னு பிறகு அவரே ஒத்துக்கிட்டார்.

ஜே-ஸீ

காமர்ஸ் பசங்களுக்குக் குலதெய்வம் :-) ஃபோர்ப்ஸ் கணக்குப்படி 2019ல நூறு கோடி டாலர் சொத்தைத் தொட்ட முதல் ராப்பர்.

ஆனா வியாபாரிக்கு இருக்க வேண்டிய ஒரு விஷயத்துல கோட்டை விட்டார்: யாரோட கூட்டு சேர்றோம்ங்கிறது. 2002 பிப்ரவரியில ஆர். கெல்லி ஒரு சிறுமியோட இருக்கற வீடியோ பத்தி சிகாகோ பத்திரிகையில செய்தி வந்தது. அடுத்த மாசம் ஜே-ஸீயும் கெல்லியும் சேர்ந்து பாடின ஆல்பம் வெளியாச்சு. அது முன்னாடியே முடிவானதுன்னு விட்டுடலாம். ஆனா கெல்லி மேல வழக்கு நடந்துட்டு இருந்தப்பவே, 2004ல, ரெண்டாவது ஆல்பமும் போட்டு ஊர் ஊராக் கச்சேரிக்கும் கிளம்பினாங்க. பாதியிலயே ரெண்டு பேருக்கும் சண்டை வந்து அது நின்னது. பணம் பத்தியும் மேடை பத்தியும் வந்த சண்டை, அந்தச் சிறுமிகளுக்காக வந்த சண்டை இல்லை. அந்த வழக்குல 2008ல கெல்லி விடுதலை ஆனார். ஆனா 2021ல நியூயார்க்ல வேற வழக்குல குற்றவாளின்னு தீர்ப்பு வந்து, 2022ல 30 வருஷம் சிறை கொடுத்தாங்க.

தன்னோட பழைய பாட்டு ஒண்ணுல வர்ற வரிகளை இப்போ படிக்கவே கூச்சமா இருக்குன்னு 2010ல ஒரு பேட்டியில ஜே-ஸீ சொன்னார். '4:44' ஆல்பத்துல மனைவிகிட்ட மன்னிப்பும் கேட்டார். வளர்ந்த மனுஷன்தான். ஆனா வளர்ந்த மனுஷனா, அந்தக் கூட்டைப் பத்தியும் கொஞ்சம் பேசியிருக்கலாம்.

கான்யே வெஸ்ட்

இவரை விட்டா கிளாஸ்ல என்னைக் கொன்னுடுவாங்க. 2004ல வந்த முதல் ஆல்பத்தோட பேரே 'தி காலேஜ் ட்ராப்அவுட்'. ஒவ்வொரு அரியர் லிஸ்ட் வரும்போதும் நாங்க போடற ஆல்பம் அது. அவரோட அம்மா டோண்டா வெஸ்ட் ஒரு ஆங்கிலப் பேராசிரியர்ங்கிறதுதான் அதுல பெரிய காமெடி. கார் விபத்துல தாடை உடைஞ்சு, கம்பி போட்டுக் கட்டியிருந்த வாயோடவே ஒரு பாட்டுப் பாடினார். அவ்வளவு வெறி.

2007ல அம்மா இறந்தாங்க. அதுக்கப்புறம் மனுஷன் நிலை தடுமாறினார்னு பல பேர் சொல்றாங்க. மனநோய் இருக்குன்னு அவரே சொல்லியிருக்கார். நோயைக் கேலி பண்ண எனக்கு விருப்பம் இல்லை. ஆனா 2022 அக்டோபர்ல யூதர்களுக்கு எதிரா வெறுப்பைக் கக்கினார், அடிடாஸ் உறவை வெட்டிக்கிச்சு. அந்த டிசம்பர்ல ஒரு பேட்டியில ஹிட்லரைப் பாராட்டினார். 2023 டிசம்பர்ல ஹீப்ரு மொழியிலயே மன்னிப்பு கேட்டார். 2025 பிப்ரவரியில நாஜிச் சின்னம் போட்ட டீ-சர்ட்டை வித்தார். அதுக்கப்புறமும் மன்னிப்பு வந்திருக்கு. நோய் ஒருத்தரைத் தடுமாற வைக்கலாம், ஆனா டீ-சர்ட் வித்தது வியாபாரம். டிசைன், விலை, விளம்பரம்னு பல கை வேலை செஞ்சாத்தான் அது கடைக்கு வரும். அந்த எல்லாக் கையும் சரின்னு சொல்லியிருக்கு.

கென்ட்ரிக் லமாரும் ட்ரேக்கும்

ட்ரேக்கோட குறை பெரும்பாலும் பாட்டுக் கணக்குல. நாஸோட 'இல்மாடிக்' 1994ல வந்தது, 10 ட்ராக், 40 நிமிஷம் கூட இல்லை. ட்ரேக்கோட 'ஸ்கார்பியன்' 2018ல வந்தது, 25 பாட்டு, ஒன்றரை மணி நேரம். ஒரு பஸ் பயணம் முழுக்க ஓடும், இறங்கும்போது நாலு பாட்டுதான் ஞாபகம் இருக்கும். இப்போ ஸ்ட்ரீமிங்கையும் ஆல்பம் விற்பனையாக் கணக்குல சேர்க்கறாங்க. பாட்டு எண்ணிக்கை கூடினா கணக்கும் கூடும். அரிசியில கல்லு கலந்து எடை போடற மாதிரி.

கென்ட்ரிக் கதை வேற. 2018ல புலிட்சர் பரிசு வாங்கினவர். 2024ல ட்ரேக்கை, சின்னப் பொண்ணுங்க விஷயத்துல தப்பானவர்னு சாடி 'நாட் லைக் அஸ்' பாடினார். ட்ரேக் மறுத்துட்டார், நிரூபணமும் ஆகல. அதை நான் கன்டிஞ்சென்ட் லயபிலிட்டி மாதிரிதான் வச்சிருக்கேன். நோட்ஸ்ல எழுதலாம், பேலன்ஸ் ஷீட்ல ஏத்தக் கூடாது.

ஆனா 2024 ஜூன் 19, கலிஃபோர்னியாவுல நடந்த கச்சேரியில, அந்தப் பாட்டை ஆரம்பிச்சு வைக்க மேடையில நின்னது யார் தெரியுமா? டாக்டர் ட்ரே. பெண்களுக்குக் கெடுதல் பண்றவனைக் கேள்வி கேக்கற பாட்டுக்கு, பெண்ணை அடிச்ச ஆள் முன்னுரை. 2022ல வந்த கென்ட்ரிக்கோட ஆல்பத்துலயும் கோடாக் ப்ளாக் இருக்கார். ஒரு டீன் ஏஜ் பொண்ணைத் தாக்கின வழக்குல 2021ல குற்றத்தை ஒத்துக்கிட்டவர் அவர். எதிரி பண்ணினா பாவம், நம்ம ஆள் பண்ணினா பழைய கதை. இந்த வியாதி ராப்பர்களுக்கு மட்டும்தானா? நம்ம காலேஜ்லயும் பார்த்திருக்கோமே.

சரி, இப்போ என்ன பண்றது?

பாட்டையெல்லாம் அழிச்சுட்டேன்னு சொன்னா பொய். அழிக்கல. அக்கவுண்ட்ஸ்ல ஒரு விதி உண்டு. விதி அனுமதிச்சா ஒழிய, சொத்தையும் கடனையும் ஒண்ணுக்கொண்ணு கழிச்சுட்டு மிச்சத்தை மட்டும் காட்டக் கூடாது. 10 லட்சம் சொத்தும் 9 லட்சம் கடனும் இருந்தா, "1 லட்சம் சொத்து"ன்னு எழுதினா ஏமாத்து வேலை. ரெண்டையும் முழுசா, அது அது இருக்க வேண்டிய இடத்துல காட்டணும்.

நான் இத்தனை நாள் பண்ணினது அந்தக் கழித்தல்தான். 'டியர் மாமா' இருக்கு, அதனால கேஸை விட்டுடலாம். 'தி க்ரானிக்' இருக்கு, அதனால டீ பார்ன்ஸை விட்டுடலாம். இதுக்கு நேர் எதிரா, கேஸ் இருக்கு அதனால பாட்டே குப்பைன்னு சொல்றவங்களும் அதே கழித்தலைத்தான் பண்றாங்க. 'டியர் மாமா' நல்ல பாட்டு, அது அந்தப் பக்கம் இருக்கட்டும். அந்தப் பொண்ணுக்கு நடந்தது இந்தப் பக்கம் இருக்கட்டும். ஒண்ணு இன்னொண்ணை அடைக்காது.

இதுல என் கடனும் இருக்கு. இங்கிலீஷ்ல இருந்ததால எனக்கு உறைக்கல. புரியாமப் பாடல, புரிஞ்சும் அதைத் தமிழுக்குக் கொண்டு வராமப் பாடினேன். அதனால இப்போ ஒரு பழக்கம் வச்சிருக்கேன். புதுப் பாட்டு பிடிச்சுப் போனா, ஒரு தடவை வரி வரியா தமிழ்ல மனசுக்குள்ள சொல்லிப் பார்க்கறேன். சில பாட்டு அதுல தேறுது, சிலது தேறல. தேறாததை ஸ்பீக்கர்ல போடறதில்லை. ஹெட்போன்ல? உண்மையைச் சொன்னா, சிலதை இன்னும் கேக்கறேன். ஆனா சிரிச்சுக்கிட்டே கேக்க முடியல.

மார்க்கெட்டிங் செமினார் பி.பி.டி இன்னும் லேப்டாப்ல இருக்கு. ஜூனியர்ஸ் யாராவது கேட்டா அனுப்புவேன். போன வாரம் அதுல ஒரு ஸ்லைடு சேர்த்தேன். இப்போ பத்தொன்பது.

இந்தப் பதிவைப் போடறதுக்கு முன்னாடி தங்கச்சிகிட்ட படிக்கக் கொடுத்தேன். முழுசும் படிச்சா. "எல்லாம் சரி, இத்தனை பேர்ல ஒரு பொண்ணு கூட ராப்பர் இல்லையா?"ன்னு கேட்டா. பதில் இல்லை. குவீன் லட்டிஃபா 1993லயே 'யூனிட்டி'ங்கிற பாட்டுல, பெண்களைக் கேவலமாக் கூப்பிடற ஆண்களைப் பார்த்து நேருக்கு நேர் கேள்வி கேட்டு, கிராமியும் வாங்கினாங்க. அந்தப் பாட்டு வந்து 30 வருஷத்துக்கு மேல ஆச்சு. நான் முதல் தடவையா கேட்டது போன செவ்வாய்க்கிழமை. அதை எனக்கு அனுப்பினதும் அவதான்.

டிஸ்கி 1: உங்க ஆளை விட்டுட்டேன்னா, இல்ல உங்க ஆளைத் திட்டிட்டேன்னா, பின்னூட்டத்துல வந்து சண்டை போடுங்க. வீட்டுக்கு ஆட்டோ மட்டும் அனுப்பாதீங்க.

டிஸ்கி 2: காஸ்ட் அக்கவுண்டிங் நோட்ஸ் யார்கிட்டயாவது நல்லதா இருந்தா தயவு செஞ்சு மெயில் பண்ணுங்க. பதினாறு நாள்தான் இருக்கு.